டூர் டி பிரான்ஸ் மலை ஸ்டேஜை நேரில் பார்க்க: விசாவிலிருந்து கொண்டை ஊசி வளைவு வரை

மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸைப் பார்க்க நுழைவுச் சீட்டு கிடையாது. ரோட்டோரம் போய் நின்றால் போதும், ஒரு காசு கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ரோட்டோரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் விசா, தங்குமிடம், ரயில், அடைத்த சாலை என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து நிற்கும். எல்லாவற்றையும் தாண்டி மலையில் இடம் பிடித்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டிவியில் நாலைந்து மணி நேரம் ஓடுகிற பந்தயத்தில் உங்கள் கண் முன்னால் ஒரு வீரர் இருப்பது சில விநாடிகள்தான். யார் யாரைக் கழற்றிவிட்டார், யார் யாருக்காகக் காத்திருந்தார் என்று பிடிபடாமலே இறங்கி வருகிறவர்கள் நிறையப் பேர்.

எனக்கு இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஆல்ப் துவேஸ் ஏற்றத்தை எடுத்துக்கொள்கிறேன்: 13.8 கி.மீ. நீளம், சராசரி சரிவு 8 சதவீதத்துக்குச் சற்று மேல், 21 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே சொல்வதில் பெரும்பகுதி பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனே மலைகளுக்கும் பொருந்தும்.

1. முதலில் ஸ்டேஜ், அப்புறம்தான் மற்றதெல்லாம்

பந்தயம் பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். மொத்தம் 21 ஸ்டேஜ்கள், அதாவது ஒரு நாளுக்கு ஒன்றாக 21 ஓட்டங்கள், நடுவே இரண்டு ஓய்வு நாள்கள். அடுத்த ஆண்டுக்கான பாதையை முந்தைய அக்டோபரில் பாரிஸில் அறிவித்துவிடுவார்கள். உங்கள் வேலை அன்றே தொடங்குகிறது. ஊர் சுற்றும் திட்டத்தை முதலில் போட்டு, அதற்குள் ஒரு ஸ்டேஜைச் செருகப் பார்த்தால் எதுவும் பொருந்தி வராது. ஸ்டேஜ் தேதியை நட்டுவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள்.

மேடு உள்ள ஸ்டேஜ் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மலை உச்சியில் முடிவது ஒரு வகை. மலை ஏறி இறங்கிப் பள்ளத்தாக்கில் முடிவது இன்னொரு வகை. பிரான்ஸின் மேற்கே பிரித்தானி பக்கத்து மூர்-து-பிரத்தாஞ் மாதிரி, குட்டைக் குட்டை மேடுகளாக வந்து கடைசியில் இரண்டு கி.மீ. செங்குத்தில் முடிவது மூன்றாவது. முதல் தடவை போகிறவருக்கு நான் உச்சியில் முடிகிற ஸ்டேஜைத்தான் சொல்வேன். 8 சதவீதச் சரிவில் முன்னணி வீரர்களே ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில்தான் போவார்கள். முகம் தெரியும், மூச்சு கேட்கும். வீரர்களின் கூட்டமும் சிதறி, ஒவ்வொருவராக, இருவர் மூவராக வருவார்கள். மூன்றாவது வாரம் என்றால் இன்னும் நல்லது. களைப்பு ஏறியிருக்கும், போட்டியாளர்களுக்கு இடையே நேர வித்தியாசமும் தெளிவாகியிருக்கும், ஒளித்து வைக்க யாரிடமும் எதுவும் மிச்சமிருக்காது.

ஒன்றை மட்டும் மறக்காமல் பாருங்கள்: ஸ்டேஜ் எங்கே முடிகிறது என்பதோடு, எந்தச் சாலை வழியாக அங்கே வருகிறது என்பது. 2026 பாதையில் 19, 20 ஆகிய இரண்டு ஸ்டேஜ்களும் ஆல்ப் துவேஸில் முடிவதாக அறிவித்தார்கள். முதல் நாள் புகழ்பெற்ற 21 வளைவுகள் வழியாக; மறுநாள் காலிபியே கணவாயைத் தாண்டி, பின்பக்கமாகச் சரேன் கணவாய் வழியாக. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் வளைவுகளில் போய் நின்றால் வெறும் சாலையைத்தான் பார்க்கலாம்.

2. தங்குமிடம்: விசாவுக்கு முன்பே

பாதை அறிவித்த சில நாள்களிலேயே மலையடிவாரத்து அறைகள் காலியாகிவிடும். ஆல்ப் துவேஸுக்கு அடிவார ஊர் லு பூர்-துவாசான். அங்கேயும் மலைமேலும் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும், குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். சுமார் 50 கி.மீ. தள்ளி உள்ள கிரனோபிள் பெரிய நகரம். அங்கே ஓர் இரவுக்கு 80 முதல் 120 யூரோவுக்குள் சுமாரான அறை கிடைக்கும். கூடாரம் போடத் தெரிந்தவர்களுக்கு பூர்-துவாசானைச் சுற்றி முகாம் திடல்கள் பல உண்டு. செலவு பாதிக்கும் கீழே போகும், காலையில் நேராக மலை ஏறலாம்.

கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு முன்பதிவு செய்யுங்கள். கூடவே இன்னொரு பதிவையும் கையில் வையுங்கள். எனக்கு ஒரு விடுதி பதிவை உறுதிசெய்துவிட்டு, பந்தயம் அந்த வழி வருகிறது என்று தெரிந்ததும் ‘தவறான விலை’ என்று சொல்லித் தானே ரத்து செய்தது. அதே அறை அதே வாரம் பல மடங்கு விலையில் மறுபடி விற்பனைக்கு வந்தது. இது அங்கே அபூர்வமில்லை. அதனால் உறுதிக் கடிதத்தை அச்செடுத்து வையுங்கள், விடுதிக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதில் வாங்குங்கள், விசா கையில் வரும்வரை இரண்டாவது பதிவை விடாதீர்கள்.

3. விசா: ஆவணம், கட்டணம், கால அளவு

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு பயணத்துக்கு 15 நாள் முன்பு. பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சிக்கல் இருந்தால் 45 நாள் வரை போகலாம். ஆனால் உங்களைக் கவிழ்ப்பது இந்தக் கணக்கு இல்லை, நேர ஒதுக்கீடு. ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி விடுமுறைக் கூட்டம் மொத்தமும் அதே வரிசையில் நிற்கும். ஜூலைப் பந்தயத்துக்குப் பிப்ரவரியில் அல்லது மார்ச்சில் நேரம் பிடித்துவிடுங்கள். ‘ஸ்லாட் எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ரத்தாகும் இடங்கள் தளத்தில் திரும்பத் தோன்றும். காலையிலும் இரவிலும் பொறுமையாகப் பார்த்தால் கிடைக்கும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்கு. இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. டூர் சில ஆண்டுகள் வேறு நாட்டில் தொடங்கும். 2026-க்குத் தொடக்கம் பார்சிலோனா. தொடக்கத்தையும் பார்த்துவிட்டு ஸ்பெயினில் அதிக நாள் இருக்கப் போகிறீர்கள் என்றால் பிரெஞ்சு விசா கேட்பது தவறு, அதற்காகவே நிராகரிப்பார்கள்.

கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். இதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பி வராது.

விண்ணப்பத்தை பிரான்ஸ்-விசாஸ் தளத்தில் நிரப்பி, அச்செடுத்து, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்கு நேரில் போக வேண்டும். கைரேகை எடுப்பார்கள். கோப்பில் இருக்க வேண்டியவை: கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட கடவுச்சீட்டு (திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடி, இரண்டு வெற்றுப் பக்கங்கள்), புகைப்படங்கள், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று, விமான முன்பதிவு, வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், அப்புறம் ஒரு விளக்கக் கடிதம்.

வங்கிக் கணக்கில் எவ்வளவு? பிரான்ஸ் வைத்திருக்கும் அளவுகோல் நாளொன்றுக்கு இப்படி: விடுதிப் பதிவு இருந்தால் 65 யூரோ, எதுவும் இல்லாவிட்டால் 120, உறவினர் வீட்டில் முறையான சான்றோடு தங்கினால் 32.50. இதைவிடச் சற்றுத் தாராளமாகவே காட்டுங்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்தால் சந்தேகம்தான் வரும். மாத வருமானம் சீராக வந்து போகும் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

பாரிஸில் சித்தப்பா வீடு, அக்கா வீடு என்று உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: ‘எங்கள் வீட்டில் தங்குவார்’ என்று அவர்கள் கைப்படக் கடிதம் எழுதித் தந்தால் செல்லாது. அவர்கள் தங்கள் மேரிக்கு, அதாவது நகரசபை அலுவலகத்துக்குப் போய், ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற சான்றை 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், வருமானம், வீட்டுப் பரப்பு எல்லாம் கேட்பார்கள். சில ஊர்களில் இதற்கு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். மூலச் சான்று தபாலில் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அது பாரிஸ் வீட்டு இரவுகளுக்கு மட்டும்தான். மலையடிவார இரவுகளுக்கு விடுதிப் பதிவு தனியாக வேண்டும்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த ஸ்டேஜ், எந்தத் தேதி, எந்த ஊர், அங்கே எப்படிப் போகிறீர்கள் என்று தேதி வாரியாக எழுதுங்கள். ஈபிள் கோபுரம் பார்க்கப் போகிறேன் என்று பொதுவாக எழுதிவிட்டு, நடுவில் ஐந்து இரவு ஒரு மலைக் கிராமத்தில் பதிவு இருந்தால் படிப்பவருக்குக் குழப்பம் வரும். பந்தயத்துக்குத்தான் போகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள், பாதை வரைபடத்தையும் இணையுங்கள்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவுசெய்யும் புதிய முறை வந்திருக்கிறது. இறங்கியதும் வரிசை நீளலாம். பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் ரயில் என்று டிக்கெட் எடுக்காதீர்கள்.

4. மலைக்குப் போய்ச் சேர்வது

பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து கிரனோபிளுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் 30, 40 யூரோவுக்குக் கிடைக்கும், கடைசி வாரத்தில் 100-ஐத் தொடும். கிரனோபிளிலிருந்து பூர்-துவாசானுக்குப் பேருந்து உண்டு. ஸ்டேஜ் நாளில் அதை நம்ப வேண்டாம், முதல் நாளே அடிவாரத்துக்குப் போய்விடுங்கள். வாடகைக் கார் இந்த வேலைக்கு உதவாது. பெரிய ஏற்றங்களில் முதல் நாளோ அதற்கு முன்போ காருக்குச் சாலையை அடைத்துவிடுவார்கள்.

மலை மேலே போக நடை, சைக்கிள், கேபிள் கார் என்று மூன்று வழி. நடந்தால் அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் நாலு மணி நேரம். உயரம் மட்டும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள், நடு வெயிலில். பூர்-துவாசான் கடைகளில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பந்தய வாரத்துக்கு மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்பு காவலர்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். வாதாட வேண்டாம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அல்மோன் என்ற ஊரிலிருந்து ஓஸ் வழியாகக் கேபிள் கார் தொடர்பும் உண்டு. அன்றைய இயக்க நேரத்தை முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொன்னால்: சென்னையிலிருந்து ஜூலையில் போய்வர விமானம் 60,000 முதல் 90,000 ரூபாய். விசா, சேவைக் கட்டணம், காப்பீடு சேர்ந்து பதினைந்தாயிரத்துக்குள். மலைப் பக்கம் மூன்று இரவு, ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு 400 முதல் 600 யூரோ. ஜூலை 14 பிரான்ஸின் தேசிய நாள். அதை ஒட்டிய ஸ்டேஜ் என்றால் கடைகள் மூடியிருக்கும். ரொட்டி, பழம், தண்ணீர் எல்லாம் முதல் நாளே வாங்கி வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மேலே எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5. எந்த வளைவில் நிற்பது

ஆல்ப் துவேஸ் வளைவுகளுக்குக் கீழே 21-இல் தொடங்கி மேலே 1 வரை எண் போட்டிருக்கிறார்கள். அடிவாரத்து முதல் இரண்டு கி.மீ.தான் மிகச் செங்குத்து, 10 சதவீதத்துக்கும் மேல். அங்கே நின்றால் வீரர்களின் கூட்டம் உடைகிற கணத்தைப் பார்க்கலாம், ஆனால் முடிவு தெரியாது. ஏழாம் வளைவு நெதர்லாந்து ரசிகர்களின் இடம். பாட்டும் புகையும் ஆரஞ்சு நிறமுமாக இருக்கும். கொண்டாட்டத்துக்குப் போகலாம், பந்தயத்தைப் படிக்க அது இடமில்லை. கடைசி ஒரு கி.மீ. முழுக்கத் தடுப்புக் கம்பி. உள்ளே நுழைந்தால் நகர முடியாது.

என் தேர்வு ஊவேஸ் கிராமத்துக்கு மேலே, 4-ஆம் வளைவுக்கும் 2-ஆம் வளைவுக்கும் இடையே. அங்கே மரம் குறைவு, திறந்த புல்வெளிச் சரிவு. கீழே இரண்டு மூன்று அடுக்குச் சாலை தெரியும். ஒரு வீரர் உங்களிடம் வருவதற்குச் சில நிமிடம் முன்பே அவரையும் அவரைத் துரத்துபவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இந்த வசதி வேறு எங்கும் கிடைக்காது. வளைவின் வெளிப்பக்கம் நில்லுங்கள். உள்பக்கம்தான் வீரர்கள் உரசிக்கொண்டு போவார்கள்.

6. கையில் ஒரு தாள்

மலையில் அத்தனை லட்சம் பேர் கூடியதும் கைபேசி இணையம் படுத்துவிடும். நேரலை பார்த்துக்கொண்டே நிற்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் நாள் இரவே ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள்.

ஒன்று, எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும் கூட்டிப் போடும் மொத்த நேரப் பட்டியலில் (குறைந்த நேரம் எடுத்தவர் முதலிடம்) முதல் பத்துப் பேரும் அவர்களுக்கு இடையிலான வித்தியாசமும். இரண்டு, அவர்கள் சட்டை எண்கள். ஒரு அணிக்கு எட்டுப் பேர். எண்கள் 1 முதல் 8, 11 முதல் 18, 21 முதல் 28 என்று போகும். பெரும்பாலும் 1-இல் முடியும் எண் அணித் தலைவருடையது. மூன்று, ஒவ்வொரு தலைவருக்கும் மலையேறத் தெரிந்த துணை வீரர்கள் யார் யார். நான்கு, அதிகாரபூர்வத் தளத்தில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் வெளியிடும் நேர அட்டவணை. மூன்று வேகக் கணக்கில் எந்த இடத்தை எப்போது கடப்பார்கள் என்று அதில் இருக்கும், விளம்பர ஊர்வலம் வரும் நேரமும் இருக்கும். அந்த ஊர்வலம் பந்தயத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு வந்து தொப்பி, மிட்டாய் எல்லாம் வீசிவிட்டுப் போகும். அவற்றைப் பொறுக்கச் சாலைக்குள் ஓடாதீர்கள்.

7. போட்டியாளர்களின் ஆட்டத்தைப் படிப்பது

சரி, இப்போது ஹெலிகாப்டர் சத்தம் கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிறது. எதைப் பார்ப்பது?

முதலில் நேரத்தை. சாலையில் ஒரு கல்லையோ வர்ணக் கோட்டையோ குறி வைத்து, முதல் ஆள் அதைக் கடக்கும்போது கைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் நிறுத்தாமல் இடை நேரம் குறியுங்கள். உங்கள் தாளில் இருக்கும் வித்தியாசத்தோடு கூட்டிக் கழித்தால் அந்த இடத்தில் மஞ்சள் சட்டை, அதாவது மொத்த நேரத்தில் முதலிடம், யாருடையது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னிருக்கையில் பலகையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்னே பிரிந்து போன குழுவின் எண்களும் இடைவெளியும் அந்தப் பலகையில் எழுதியிருக்கும். அதையும் படித்துவிடுங்கள்.

அடுத்து, முன்னால் காற்றைக் கிழித்து மற்றவர்களை இழுப்பது யார் என்று பாருங்கள். தலைவர்கள் கூட்டத்தின் தலைப்பில் ஒரே அணியின் இரண்டு மூன்று பேர் வரிசையாக இழுத்தால், அந்த அணி ‘யாரும் தாக்க முடியாத வேகம்’ வைக்கிறது (தாக்குவது என்றால் திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்து போவது). ஒவ்வொருவராகத் தங்கள் சக்தியை எரித்துவிட்டு ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர் சாலையில் நின்றுவிட்ட மாதிரி பின்னால் போவதை உங்கள் வளைவிலேயே பார்க்கலாம். எத்தனை துணைவர் மிச்சம் என்று எண்ணுங்கள். உச்சிக்கு இன்னும் தூரம் இருக்க, ஒரு தலைவரோடு யாருமே இல்லை என்றால் அவர் ஆபத்தில் இருக்கிறார், அது அவர் எதிரிகளுக்கும் தெரியும்.

2022 ஜூலை 13, க்ரானோன் கணவாயில் முடிந்த 11-ஆம் ஸ்டேஜ் இதற்கு நல்ல பாடம். மஞ்சள் சட்டையில் டாடே பொகாச்சர். எதிரணியான யும்போ-விஸ்மாவில் இரண்டு தலைவர்கள்: யோனாஸ் விங்ககார், பிரிமோஸ் ரோக்லிச். முடிவிடம் வெகுதூரம் இருக்கும்போதே, காலிபியே பக்கம், இருவரும் மாறி மாறித் தாக்கினார்கள். ஒருவர் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார், உடனே மற்றவர் பாய்வார். ரோக்லிச்சை விட்டாலும் ஆபத்து, விங்ககாரை விட்டாலும் ஆபத்து. பொகாச்சர் எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார். அப்போது தாக்குதல் எதுவும் பலித்த மாதிரி தெரியவில்லை. கடைசி ஏற்றத்தில், ஐந்து கி.மீ.க்குள் இருக்கும்போது விங்ககார் ஒரே ஒரு முறை எழுந்து மிதித்தார், பொகாச்சரால் அசைய முடியவில்லை. இழந்தது 2 நிமிடம் 51 விநாடி, மஞ்சள் சட்டையும் போனது. ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: உங்கள் முன் நடக்கிற பிரிவு அங்கே தொடங்கியதில்லை. முந்தைய மலையில் யார் யாரை ஓட வைத்தார்கள் என்பதன் விளைவுதான் அது. அதனால்தான் பிற்பகல் முழுக்கப் பக்கத்தில் யாராவது வானொலி வைத்திருந்தால் போய் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறேன். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பெயர்களும் எண்களும் காதில் விழும்.

இரண்டாவது ஆட்டம், முன்கூட்டியே ஆள் அனுப்பி வைப்பது. காலையிலேயே பிரிந்து போன குழுவில் ஒரு பெரிய அணியின் வலுவான துணைவர் இருந்தால், அவர் வெற்றிக்காகப் போயிருக்கிறாரா, தலைவருக்காகக் காத்திருக்கப் போயிருக்கிறாரா என்று சந்தேகப்படுங்கள். 2011-இல் காலிபியே உச்சியில் முடிந்த ஸ்டேஜில் ஆண்டி ஷ்லெக் சுமார் 60 கி.மீ. இருக்கும்போது இஸ்வார் ஏற்றத்தில் தனியே பாய்ந்தார். வெறும் துணிச்சல் மாதிரி தெரிந்தது. ஆனால் முன்னே போயிருந்த குழுவில் அவருடைய அணியினர் போஸ்துமாவும் மோன்ஃபோரும் இருந்தார்கள். ஏற்றத்தில் ஒருவர் இழுத்தார், அதற்குப் பிறகான பள்ளத்தாக்கின் எதிர்காற்றில் மோன்ஃபோர் இழுத்தார். செங்குத்தில் மெதுவாகப் போகும்போது முன்னவர் சக்கரத்தின் பின்னால் ஒளிவதால் பெரிய லாபமில்லை. சமதளத்தில் அந்த லாபம் மிகப் பெரிது. தனியாக ஓடுகிறவர் தோற்பது பெரும்பாலும் இரண்டு மலைகளுக்கு நடுவில்தான். 2022-இல் ஓதகாம் ஏற்றத்தில் வவுட் வான் ஆர்ட் செய்ததும் இதே வேலை. நாள் முழுக்க முன்னே இருந்தவர், கடைசி மலையில் விங்ககாருக்காக இழுத்துப் பொகாச்சரைக் கழற்றிவிட்டார்.

மூன்றாவது, இழுக்க மறுப்பது. அதே 2011 ஸ்டேஜில் ஷ்லெக் முன்னே போய்க்கொண்டிருக்க, துரத்தும் கூட்டத்தில் கேடல் எவன்ஸ் முழங்கையை ஆட்டி ஆட்டிப் பிறரை முன்னே வரச் சொன்னார். யாரும் வரவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்து வருவது அவர்களுக்கு லாபம். கடைசியில் அவரே கிட்டத்தட்ட அந்த ஏற்றம் முழுக்க இழுத்து இழப்பைச் சுமார் இரண்டேகால் நிமிடத்தில் நிறுத்தினார். அந்த டூரை அவர் வென்றது அந்த ஒரு மணி நேர உழைப்பால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டு நாள் கழித்து கிரனோபிளில் ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்தோடு ஓடிய தனிநபர் நேரப் போட்டியில் ஷ்லெக்கைத் தாண்ட அவருக்கு எட்டும் தூரம் இருந்தது. உங்கள் வளைவில் ஒருவர் முழங்கையை வெளியே தட்டுகிறாரா, பின்னால் இருப்பவர் தலையைக் குனிந்துகொள்கிறாரா என்று பாருங்கள். அங்கே நடப்பது ஒரு பேரம்.

முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடிப்பும் ஆயுதம். தோள் ஆடுகிறதா, மிதி வட்டம் உடைகிறதா, பக்கத்து ஆளின் சக்கரத்திலிருந்து ஒரு சைக்கிள் நீளம் விட்டு மறுபடி ஒட்டுகிறாரா — இவை பொய் சொல்லாது. அந்த ஒரு சைக்கிள் நீள இடைவெளி இரண்டாம் முறை தெரிந்தால் அவர் அடுத்த வளைவில் இருக்க மாட்டார்.

மூர்-து-பிரத்தாஞ் வகை மேட்டு ஸ்டேஜ் என்றால் கணக்கு வேறு. நிமிடங்கள் அங்கே பிரியாது. முடிவிடத்தில் முதல் மூவருக்கு மொத்த நேரத்திலிருந்து 10, 6, 4 விநாடி கழித்துக் கொடுக்கும் சலுகை. அதற்காகத்தான் அடித்துக்கொள்வார்கள். கடைசி மேட்டுக்கு முன்னால் உள்ள குறுகிய சாலைக்குள் யார் முதலில் நுழைவது என்பதே பாதிப் போர். அங்கே மேட்டின் அடியில் நின்றால்தான் விஷயம் தெரியும்.

8. சாலைக்கு மரியாதை

இதை அழுத்திச் சொல்கிறேன். 2018-இல் இதே ஆல்ப் துவேஸில், கூட்ட நெரிசலில் பார்வையாளர் ஒருவரின் கேமரா வாரில் சிக்கி வின்சென்சோ நிபாலி விழுந்தார். முதுகெலும்பில் முறிவு, மறுநாள் அவர் பந்தயத்தில் இல்லை. 2021 முதல் ஸ்டேஜில் கேமராவைப் பார்த்து அட்டை காட்டிய ஒரு பார்வையாளரால் பெருங்கூட்டமே சரிந்தது. நீதிமன்றம் அவருக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது. 2023-இல் ஜு பிளான் ஏற்றத்தில் பொகாச்சர் உச்சிச் சலுகை விநாடிகளுக்காகப் பாய்ந்தபோது, நெரிசலான சாலையில் முன்னால் போன மோட்டார் சைக்கிள்கள் வழிவிட முடியாமல் நின்றன. அவர் பாய்ச்சல் வீணானது, உச்சியில் அதிகச் சலுகை விங்ககாருக்குப் போனது. நீங்கள் ஒரு அடி உள்ளே வைத்தால் இத்தனை பேரின் மூன்று வாரக் கணக்கு மாறும்.

கேமரா வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். வீரர் பக்கத்தில் ஓடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், முதுகைத் தள்ளாதீர்கள். செல்ஃபிக்காகச் சாலைக்கு முதுகு காட்டாதீர்கள். குழந்தைகள் உங்களுக்கும் மலைச் சரிவுக்கும் நடுவில் இருக்கட்டும், சாலை ஓரத்தில் வேண்டாம்.

9. முன்னணியினர் போனதும் இறங்காதீர்கள்

தலைவர்கள் கடந்ததும் கூட்டத்தில் பாதி கிளம்பும். நீங்கள் நில்லுங்கள். அரை மணி நேரம் கழித்து, சமதளத்தில் வேகம் காட்டி மலையில் பின்தங்கும் விரைவோட்டக்காரர்களும் வேலை முடித்த துணைவர்களும் ஒரு பெரிய குழுவாகச் சேர்ந்து வருவார்கள். வென்றவரின் நேரத்தை வைத்துக் கணக்கிடும் கால வரம்புக்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எதிரணிக்காரர்களே ஒருவருக்கொருவர் வேகம் வைத்துக் கொடுத்து வரம்புக்குள் தப்பிப்பார்கள். காலையில் முட்டி மோதியவர்கள் மாலையில் இப்படிச் சேர்ந்து வருவதை டிவி அதிகம் காட்டுவதில்லை. கைதட்டலை அவர்களுக்கும் மிச்சம் வையுங்கள்.

‘ஃபின் து கூர்ஸ்’ என்ற பலகை வைத்த வண்டி போன பிறகுதான் சாலை திறக்கும். அதற்கு முன் சைக்கிளில் இறங்கினால் காவலர் நிறுத்துவார். திறந்ததும் அணிப் பேருந்துகள், கார்கள், நடப்பவர்கள், சைக்கிள்கள் எல்லாம் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் இறங்கும். சைக்கிளில் இறங்குகிறவர்களுக்கு அன்றைய நாளின் மிக ஆபத்தான பகுதி இதுதான். ஒரு மணி நேரம் பொறுத்து இறங்குங்கள். மாலையில் மலையில் இடியும் மழையும் வருவது சாதாரணம். 1,850 மீட்டர் உயரத்தில் வெயில் மறைந்ததும் குளிர் சட்டென்று பிடிக்கும். பையில் மழைச் சட்டையும் ஒரு கம்பளி உடையும் கட்டாயம். இருட்டு ஒன்பதரைக்கு மேல்தான் என்றாலும் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும்.

அன்றிரவே கிரனோபிள் திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள், பேருந்து எப்போது ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடிவாரத்தில் தூங்கிவிட்டு மறுநாள் மதியத்துக்குப் பிறகான ரயிலை எடுங்கள். பாரிஸிலிருந்து விமானம் அதற்கும் அடுத்த நாள் இருக்கட்டும். விசாவில் போட்ட கடைசித் தேதிக்கும் விமானத் தேதிக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி இருக்கும்படி விண்ணப்பிக்கும்போதே கேட்டு வையுங்கள்.